நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் வரும் கால் நரம்பு வலி: எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சமாளிப்பது?

கேள்வியின் சாரம் இதுதான். கேட்டிருப்பவர் 54 வயதுப் பெண்மணி. ஜவுளிக்கடையொன்றின் புடவைப் பிரிவில் பல ஆண்டுகளாக நின்றபடியே வேலை பார்ப்பவர். கால் மணி நேரம் நின்றாலோ தெருமுனைவரை நடந்தாலோ பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால்வரை எரிச்சலும் இழுப்பும் வருகின்றன. அதையும் மீறி நின்றால் இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுகிறது. இடுப்பு எம்ஆர்ஐ அறிக்கையில் வயதுக்குரிய தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். நரம்புக் கடத்தல் சோதனை இயல்பு, சர்க்கரை நோயும் இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக இருப்பதால் மனதைத் தேற்றிக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லிவிட்டாராம். காரணம் தெரியாத இந்த வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்கிறார்.

சகோதரி, நான் இயன்முறை மருத்துவன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் இதுதான் நோய் என்று எழுதுவது முறையாகாது. ஆனாலும், எந்த அறிக்கையிலும் இல்லாத ஒரு செய்தி உங்கள் கடிதத்தில் இருக்கிறது: வலி எதனால் போகிறது என்பதை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுக்கப்படுகிறது. நரம்புக் கடத்தல் சோதனையும் பெரும்பாலும் படுக்க வைத்தே செய்யப்படுகிறது. முட்டியைத் தட்டிப் பார்ப்பதும் காலைத் தூக்கிப் பார்ப்பதும் கட்டிலின்மீதுதான். நின்றால் மட்டுமே வருகிற வலியைப் படுத்த நிலையில் தேடிவிட்டு, அகப்படவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டுவது சரியன்று.

மேலே போவதற்குமுன் அவசரமான சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, இரண்டு கால்களும் வேகமாக வலுவிழந்தாலோ, அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அறிகுறிகள் அவை. ஒரு கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்தால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதில் நாள்கணக்கில் பொறுக்க இடமில்லை, சில மணி நேரமே அவகாசம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிற அளவுக்குப் பாதம் தொங்கிப்போனாலும், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் ஓயாத இரவு வலி ஆகியவை சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை என்பதால் நிதானமாக யோசிக்க நேரமிருக்கிறது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய முதல் சோதனை செலவில்லாதது. வலி வரும்வரை நடந்துவிட்டு, உட்காராமல், எதன்மீதும் சாயாமல், நிமிர்ந்து நில்லுங்கள். நின்ற சில நிமிடங்களில் வலி வடிந்துவிட்டால் ரத்த ஓட்டக் குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டும். தசைக்கு வேலை நின்றது, ரத்தத் தேவை குறைந்தது, வலி போயிற்று என்பதுதான் அங்கே நடப்பது. நிமிர்ந்து நிற்பதால் வலி குறையாமல், உட்கார்ந்தால் அல்லது குனிந்தால் மட்டுமே குறைகிறது என்றால் முதுகுத்தண்டுக் கால்வாயின் குறுக்கத்தை, அதாவது அறிக்கைகளில் ‘லம்பார் கெனால் ஸ்டெனோசிஸ்’ என்று எழுதப்படுவதை, நினைக்க வேண்டும். இரண்டாவது வகை நோயாளிகள் பேசுவதை வைத்தே ஓரளவு அடையாளம் காணலாம். சைக்கிளில் எவ்வளவு தூரமும் போகிறேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால்கூடச் சமாளிக்கிறேன், கை வீசி நடந்தால்தான் முடியவில்லை என்பார்கள். கோயில் படிகளை ஏறிவிடுவார்கள், இறங்கும்போது தவிப்பார்கள். ஏறும்போது உடல் முன்னால் சாய்கிறது, இறங்கும்போது இடுப்பு பின்னோக்கி வளைகிறது என்பதே வேறுபாடு.

இதன் பின்னணி எளிமையானது. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் வழியாக நரம்புகள் இறங்கும் கால்வாயின் முன்சுவரில், எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகளும், பின்சுவரில் தடித்த இணைப்பு நாரும், பக்கங்களில் சிறு மூட்டுகளும் இருக்கின்றன. வயதாக ஆக இம்மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கித் தடிக்கின்றன. நிமிர்ந்து நிற்கும்போது பின்பக்க இணைப்பு நார் மடிந்து கால்வாய்க்குள் புடைக்கிறது, டிஸ்க்கும் சற்றுப் பிதுங்குகிறது. ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகுகிறது. நரம்பு வேர்களைச் சுற்றியுள்ள நுண்ணிய சிரைகளில் ரத்தம் தேங்க, நடப்பதற்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படும் நேரத்தில் நரம்புக்கு அது கிடைக்காமல் போகிறது. குனிந்தவுடன் நார் இழுபட்டு வழி விரிகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-இல் விரிவாக விவரித்த நோய் இது. நின்றால் நடந்தால் வலி, படுத்தால் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பதை அவரும் குறித்திருக்கிறார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் இதே காரணத்துக்காக நோயாளிகள் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பப்படுவது வருத்தத்துக்குரியது.

எம்ஆர்ஐ படத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. படுத்து, முட்டியின்கீழ்த் தலையணை வைத்து எடுக்கும்போது இடுப்பின் வளைவு குறைந்து, கால்வாய் உள்ளதைவிட அகலமாகத் தெரியலாம். மறுபுறம், வலியே இல்லாதவர்களின் படத்திலும் குறுக்கம் தெரியும். 1990-இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 67 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, 60 வயதைக் கடந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்குக் கால்வாய்க் குறுக்கம் இருந்தது. ஆகவே படம் மட்டும் நோயை முடிவு செய்யாது, விலக்கவும் செய்யாது. வலியின் நடத்தையும் படமும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. உங்கள் விஷயத்தில் நான் குறிப்பாகக் கேட்கச் சொல்வது ஒன்று உண்டு. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இடுப்புப் பகுதியின் நான்காம் முதுகெலும்பு ஐந்தாவதின்மீது சற்று முன்னோக்கி நழுவுவது ஆண்களைவிட அதிகம் காணப்படுகிறது. படுத்தால் அந்த நழுவல் ஓரளவு தன்னிடத்துக்குத் திரும்பிவிடுவதால் எம்ஆர்ஐயில் தவறிப்போகலாம். நின்றபடி, குனிந்தும் பின்வளைந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும். செலவும் குறைவு. இதுவரை எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை இதைக் கேளுங்கள். அறிக்கையை மட்டுமன்றிப் படத் தகட்டையும் கொண்டுபோய் முதுகுத்தண்டு நிபுணர் தம் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள்.

ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் எதையும் தொடங்கவும் வேண்டாம். கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். 1.40-க்கு மேல் போனால் தமனிச் சுவர் கால்சியம் படிந்து இறுகியிருக்கலாம், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள். ஓய்வில் எடுத்த எண் சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் டிரெட்மில்லில் நடக்கவிட்டு உடனே மீண்டும் எடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், இரண்டு நோய்களுக்கும் உரிய நடைப்பயிற்சி முறைகள் ஒன்றுக்கொன்று நேர்எதிரானவை என்பதுதான். ரத்த ஓட்டக் குறைவுள்ளவர் வலி ஓரளவு கடுமையாகும்வரை நடந்து, நின்று, வலி வடிந்ததும் மீண்டும் நடந்து, இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம் செய்ய வேண்டும். புகைப்பதை அடியோடு விட வேண்டும். கால்வாய்க் குறுக்கம் உள்ளவர் அப்படி வலியைத் துரத்திக்கொண்டு நடந்தால் மறுநாள் எழுந்திருக்கவே யோசிப்பார்.

நரம்புக் கடத்தல் சோதனை இயல்பு என்பதையும் சற்று விளக்க வேண்டும். அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. சூட்டையும் வலியையும் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டுப்போனால் அதில் தெரியாது. ஆனால் அந்த வகை எரிச்சல் வழக்கமாகப் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் படரும், இரவில் கூடும், போர்வை பட்டாலே சுடும், உட்காருவதால் மறையாது. உங்களுடையது பிட்டத்திலிருந்து கீழிறங்குவதாலும் உட்கார்ந்ததும் மறைவதாலும் அதற்கான வாய்ப்பு குறைவு. இருந்தாலும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), வைட்டமின் பி12, தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்கும், பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவு அடிக்கடி காணப்படுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நரம்புச் சத்து’ மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குபவற்றில் பெரும்பாலும் பி6-ம் கலந்திருக்கிறது. அந்த பி6 அளவு மீறி மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நாள் உச்சவரம்பாக அமெரிக்காவில் 100 மில்லிகிராமும், 2023-க்குப் பிறகு ஐரோப்பாவில் 12 மில்லிகிராமும் சொல்லப்படுகின்றன. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

இதே கேள்வியோடு இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள். எரிச்சல் தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும், உள்ளங்கை அளவு இடத்தில் இருந்தால், இடுப்பின் முன்னோரத்தில் ஒரு தோல் நரம்பு நசுங்குகிறது என்று பொருள்; இறுக்கிய பெல்ட், இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, திடீரெனக் கூடிய எடை ஆகியவை வழக்கமான காரணங்கள், நாடாவைத் தளர்த்துவதே பலருக்குப் பாதி மருத்துவம். தொடை இடுக்கில் வலி, சம்மணமிட முடியாமை என்றால் இடுப்பு மூட்டைப் படமெடுக்க வேண்டும். நடந்தால் சரியாக இருந்து, சும்மா நின்றால் மட்டும் கால் நடுங்கி உட்காரத் தோன்றுகிறவர்களுக்கு நிற்கும்போது மட்டும் வரும் அரிய நடுக்க நோய் ஒன்று உண்டு. தொடையில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் தொலைவில் ஹெலிகாப்டர் பறப்பதுபோன்ற ஓசை கேட்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்து வளர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அது முதுகெலும்பின் இணைப்பு நார்களை எலும்பாக இறுக்கிக் கால்வாயை நெருக்கக்கூடும்.

இனி நீங்கள் கேட்ட சமாளிப்பு. சோதனைகள் கால்வாய்க் குறுக்கத்தையே சுட்டுகின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் விதி, வலி வந்த பிறகு உட்காராமல், வருவதற்குமுன் உட்காருவது. பதினைந்தாம் நிமிடத்தில் வலிக்கிறது என்றால் பத்தாம் நிமிடத்தில் இரண்டு நிமிடம் உட்காருங்கள், முழங்கையை முட்டியில் ஊன்றி முன்சாய்ந்து உட்காருங்கள். இப்படிச் செய்தால் ஒரு நாளில் நின்ற மொத்த நேரம் குறையாமல், கூடவே செய்யும். நடையும் அப்படித்தான், வீட்டிலிருந்து எத்தனையாவது மின்கம்பத்தில் வலி தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு கம்பம் முன்பே திண்ணையிலோ மதில்மேலோ உட்கார்ந்து எழுந்து போகலாம். அந்தக் கம்பக் கணக்கை வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், நிலைமை தேறுகிறதா, மோசமாகிறதா என்பதற்கு எந்த ஸ்கேனையும்விடத் தெளிவான சான்று அதுவே.

வேலை பார்க்கும் இடத்தில், கவுண்டரின்கீழ் ஒரு சாண் உயரமுள்ள பலகையையோ சிறு ஸ்டூலையோ வைத்து ஒரு காலை அதன்மீது ஏற்றி நில்லுங்கள். சில நிமிடங்களுக்கொருமுறை காலை மாற்றுங்கள். ஒரு கால் உயர்ந்தால் இடுப்பின் பின்வளைவு குறைகிறது, அவ்வளவுதான் இதன் ரகசியம். சமையல் மேடையிலும் இதைச் செய்யலாம். உயர்ந்த குதிகால் செருப்பு வேண்டாம். மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டை எட்டி எடுப்பது, கையை உயர்த்தி இடுப்பைப் பின்வளைப்பதால், உங்களுக்கு ஆகாத வேலைகளில் முதலாவது. அதை உடன் வேலை செய்பவரிடம் விட்டுவிட்டு, கீழ்த்தட்டு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உட்காருவதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதும் இல்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. கேரளம் 2018-லேயே இதைக் கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருப்பதும் நாற்காலி கடையில் இருப்பதும் வேறு வேறு என்பதை நான் அறிவேன். மருத்துவரின் கடிதத்தோடு கேட்டால் மறுப்பது கடினம்.

பயிற்சிகளில் ஒரு பெரிய குழப்பம் நிலவுகிறது. டிஸ்க் பிதுங்கியவர்கள் பலருக்குக் கற்றுத்தரப்படும் புஜங்காசனம் போன்ற பின்வளைவுப் பயிற்சிகளை, இடுப்பு வலி என்ற ஒரே காரணத்துக்காகக் கால்வாய்க் குறுக்கம் உள்ளவர்களும் செல்போனில் பார்த்துச் செய்து வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு எதிர்த்திசை. மல்லாந்து படுத்து ஒரு முட்டியை நெஞ்சருகே இழுத்து மெதுவாகப் பத்து எண்ணும்வரை பிடித்து, பிறகு மற்றதை, பிறகு இரண்டையும் சேர்த்து. முட்டிகளை மடக்கிப் படுத்தபடி வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்துவது. தொடையின் முன்பக்கத் தசைகளை நீட்டுவது. பிட்டத் தசைகளை வலுவாக்குவது. நடக்க முடியாத நாட்களில் இதயத்துக்கும் கால் தசைகளுக்குமான உழைப்பை, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் கொடுத்துவிடும், அதில் உடல் முன்சாய்ந்தே இருக்கிறது. எலும்பு மெலிவு இருப்பவர்கள் மட்டும் எடையோடு குனிவதைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. முதல் சில வாரங்கள் நேரில் ஒருவர் பார்த்துத் திருத்திச் சொல்லித்தந்தால் நல்லது. கோலோ, பிடித்துத் தள்ளும் சக்கர வாக்கரோ வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கொஞ்சம் முன்சாய்ந்து நடக்க வழி செய்வதால் அது நடையின் தூரத்தையே கூட்டுகிறது.

கால் மரத்திருக்கும் நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலில் சூடு தெரியாமல் வெந்து புண்ணாவது வெகு சாதாரணம்.

மருந்துகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் உதவுவதில்லை. மாதக்கணக்கில் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரெகாபலின், காபாபென்டின் ஆகியவை சர்க்கரை நோய் நரம்பு வலிக்குப் பயன்பட்டாலும் கால்வாய்க் குறுக்கத்துக்கு அவற்றின் பலன் உறுதிப்படவில்லை; தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம் வரலாம், வயதானவர்கள் விழுந்துவிடுகிறார்கள், திடீரென நிறுத்தவும் கூடாது. டுலாக்செடின் அல்லது அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தால், அது மனச்சோர்வு மாத்திரை என்று மருந்துக்கடையில் கேள்விப்பட்டு மனம் புண்பட வேண்டாம். அவை நரம்பு வலியைத் தணிக்கவும் தரப்படுகின்றன. தூக்கம் கெட்டாலும் கவலை மிகுந்தாலும் வலி கூடத் தெரியும் என்பது உண்மை. அதற்காக வலி மனதிலிருந்து பிறந்தது என்று ஆகிவிடாது. பெயரும் தயாரிப்பாளரும் தெரியாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நிச்சயம் பேச்சு வரும். 2014-இல் அமெரிக்காவில் 400 கால்வாய்க் குறுக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மரப்பு மருந்தை மட்டும் போட்டவர்களுக்கும், அதோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களுக்கும் ஆறு வாரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மகளின் திருமணம்போல ஒரு குறிப்பிட்ட காலத்தைக் கடக்க வேண்டியிருந்தால் ஒருமுறை போட்டுக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். தொடர்ந்து போடுவதற்கு நியாயம் இல்லை.

அறுவைச் சிகிச்சை பற்றிய பயம் தேவையில்லாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது, அவசரமும் சில இடங்களில் அப்படியே. பலருக்கு இந்த நோய் ஆண்டுக்கணக்கில் பெரிதாகக் கூடாமல் நிற்கும், சிலருக்குக் குறையவும் செய்யும். ஆகவே மூன்று, நான்கு மாதங்கள் மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்து பார்ப்பதால் பெரும்பாலும் எதையும் இழக்கமாட்டீர்கள். அதற்குப் பிறகும் நோட்டிலுள்ள கம்பக் கணக்கு குறைந்துகொண்டே போகிறது, காலில் பலம் இறங்குகிறது, வேலைக்கே போக முடியவில்லை என்றால், நரம்பை நெருக்கும் எலும்பையும் நாரையும் அகற்றும் அறுவை கால் வலிக்கு நல்ல பலன் தரக்கூடியது. முதுகு வலிக்கு அந்த அளவு பலன் தராது. ஆனால் அதோடு ஸ்குரூவும் ராடும் போட்டு எலும்புகளை இணைக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். 2016-இல் ஸ்வீடனில் 247 பேரிடமும், 2021-இல் நார்வேயில் எலும்பு நழுவிய 267 பேரிடமும் நடந்த ஆய்வுகளில், நெருக்கத்தை மட்டும் நீக்கியவர்கள் எலும்பை இணைத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு அசைகிறது என்று காட்டி, அதனால்தான் இணைப்பு தேவைப்படுகிறது என்று அறுவை மருத்துவர் விளக்கினால் அது ஏற்கத்தக்க பதில். எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம் என்றால் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.